இடது பக்க ஈறு

செவ்வாயில் உள்ள புது வள்ளியூரில், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் காலையில் செய்யும் முதல் வேலை வீட்டு இயந்திரத்தின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பது. இல்லத்துணை எனப்படும் அந்த இயந்திரம் தன் வலது கட்டைவிரலைத் திருகிக் கழற்றி மேசைமேல் வைக்கும். அந்த இடத்தில், மெல்லிய இழைகள் வைத்த பல்விரலைப் பொருத்திக்கொண்டு பிள்ளையின் பற்களைத் தேய்த்துவிடும். அந்த நேரத்தில் பெற்றோர் காபி குடிப்பார்கள். பெரியவர்கள் மட்டும் தங்கள் பல்லைத் தாங்களே தேய்த்துக்கொள்ளலாம். அது அவர்களுடைய உரிமை என்று நகர மன்றத்தில் எப்போதோ சண்டை போட்டு வாங்கியிருந்தார்கள்.

காற்றாலைப் பொறியாளர் அமல்தாஸின் வீட்டிலும் ஓர் இல்லத்துணை இருந்தது. அவருடைய மகள் ஜோவிட்டா அதற்குக் குண்டுமணி என்று பெயர் வைத்திருந்தாள். எட்டு வயதுக்காரியான ஜோவிட்டா பிளந்த உதட்டோடும் பிளந்த அண்ணத்தோடும் பிறந்தவள். கைக்குழந்தையாக இருக்கும்போதே உதட்டைத் தைத்தார்கள், நடக்கத் தொடங்கும் முன் அண்ணத்தைத் தைத்தார்கள். மூக்கின் இடது துளையிலிருந்து உதடு வரை மெல்லிய தழும்பு ஒன்று மிஞ்சியது. இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மேல் ஈற்றுக்குள் எலும்பு இல்லாத இடைவெளியில், இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து நிரப்ப வேண்டும். அதைச் செய்யும் மருத்துவக் குழு பூமியிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

கப்பல் வந்து சேர ஆறு வாரம் இருக்கும்போது, பல் மருத்துவர் ஷகீலா பர்வீன் ஜோவிட்டாவின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வலது பக்கத்தைப் பாடப்புத்தகத்துல படமாப் போடலாம். இடது பக்கம் வேற யாரோட வாயோ மாதிரி இருக்கு."

பிளவை ஒட்டி ஒரு சின்னப் பல் திரும்பிக்கொண்டு முளைத்திருந்தது. அதைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கியிருந்தது. கருவியின் நுனி பட்டதும் ரத்தம் கசிந்தது. பல்லின் ஓரத்தில் சொத்தையும் தொடங்கியிருந்தது.

"இப்படி இருந்தா எலும்பு வச்சாலும் ஒட்டாது. சீழ் பிடிச்சிடும்" என்றார் மருத்துவர்.

"அப்ப அடுத்த கப்பலுக்குப் பாத்துக்கலாமா?" என்று கேட்டார் அமல்தாஸ்.

"அதுக்குள்ள கோரைப்பல் இறங்கிடும் சார். இறங்குற இடத்துல எலும்பு இருக்கணும். இல்லன்னா அது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

ஜோவிட்டாவின் அம்மா ரெஜினாவின் முகம் சிவந்துவிட்டது. "தினமும் காலையிலயும் ராத்திரியும் தேய்க்குது டாக்டர். நான் கண்ணால பாக்கறேன். அந்த மெஷின்லதான் கோளாறு."

குண்டுமணியைப் பழுதுபார்ப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு ரப்பர் வாயைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார்கள். ஒரு பல் விடாமல் பளிச்சென்று தேய்த்தது. கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ரெஜினா விடவில்லை. வேறு இல்லத்துணை வேண்டும், இதைப் பிரித்துப் போடுங்கள் என்று நின்றாள். ஜோவிட்டா அழுதாள்.

கடைசியில் ஷகீலா, "அதை இங்க கூட்டிட்டு வாங்க. என் முன்னாடி இவளுக்குத் தேய்க்கட்டும்" என்றார்.

மறுநாள் மருத்துவர் அறையில் குண்டுமணி பல்விரலை மாட்டிக்கொண்டது. வலது பக்கம் உள்ளும் புறமுமாக அழகாகத் தேய்த்தது. கீழ் வரிசையை முடித்தது. மேலே இடது பக்கம் வந்து தழும்பை நெருங்கியதும் ஜோவிட்டா கண்ணை இடுக்கி முகத்தைச் சுளித்தாள். குண்டுமணி உடனே கையை எடுத்துவிட்டது.

"போதும்டா கண்ணு. பாவம். அங்க நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றது. குரல் இயந்திரத்தினுடையது, இழுப்பு அப்படியே ரெஜினாவினுடையது. பிறகு அது தன் வயிற்றுக் கதவைத் திறந்து ஒரு தேன் மிட்டாயை எடுத்து நீட்டியது.



"இதை உனக்கு யார் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார் ஷகீலா.

"யாரும் சொல்லித்தரவில்லை டாக்டர். நான் வீட்டுக்கு வந்த புதிதில் அம்மா தேய்த்துவிடுவதைப் பார்த்துக் கற்றேன். அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும், பிறகு இனிப்புக் கொடுக்க வேண்டும். அதுதான் முறை என்று புரிந்துகொண்டேன்."

இல்லத்துணைகள் அப்படித்தான் கற்கின்றன. வீட்டு மனிதர் செய்வதைப் பார்க்கும், அதையே செய்யும். சொல்வதைவிடச் செய்வதையே நம்பும்படி அவற்றை வடிவமைத்திருந்தார்கள்.

ரெஜினா மகளின் தழும்பைப் பார்த்தாள். "உதட்டைத் தைச்சப்ப, தையல் ஆறுற வரைக்கும் அங்க கை படக் கூடாதுன்னு சொன்னாங்க. அப்புறம் தொடலாம்னும் சொன்னாங்க. எனக்குத்தான் கை போகல. இத்தனை வருஷமாப் போகல."

"உங்க ஒருத்தருக்கு மட்டும் இல்லம்மா. நிறையப் பேர் இப்படித்தான் பயப்படறாங்க" என்றார் ஷகீலா. "ஆனா அங்கதான் அதிகமாத் தேய்க்கணும். பல்லு திரும்பி நிக்குது, உதடும் இறுக்கமா இருக்கு. சாப்பிட்டது அங்கதான் தங்கும். உதட்டை விரலால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, சின்னத் தலை பிரஷ்ஷால மெதுவாத் தேய்ங்க. ரத்தம் வந்தா நிறுத்தாதீங்க. சுத்தம் ஆக ஆக ரத்தமும் நின்னுடும். மிட்டாய் வேண்டாம்."

சொத்தையை அன்றே அடைத்தார். குண்டுமணி மறுபடி கற்க வேண்டும் என்றால், வீட்டில் ஒருவர் அதன் கண்முன்னால் சரியாகத் தேய்த்துக் காட்ட வேண்டும். ரெஜினா பிரஷ்ஷை எடுத்தாள். தழும்பின் கிட்டே போனதும் வைத்துவிட்டாள். அமல்தாஸ் வாங்கினார். மகள் முகத்தைச் சுளித்ததும் அவரும் வைத்துவிட்டார். குண்டுமணி இருவரையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜோவிட்டா பிரஷ்ஷைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, அங்க எனக்கு வலிக்கவே இல்ல."

"அப்புறம் ஏன்டி மூஞ்சியச் சுளிக்கிற?"

"சுளிச்சாத்தானே மிட்டாய் வரும்?"

ரெஜினாவுக்கு அடிக்கத் தோன்றியது, சிரிப்பும் வந்தது. ஜோவிட்டா கண்ணாடி முன் நின்று, உதட்டைத் தூக்கிப் பிடித்து, திரும்பிய பல்லைச் சுற்றித் தேய்த்தாள். எச்சில் சிவப்பாக வந்தது. துப்பிவிட்டுத் தொடர்ந்தாள். மறுநாள் அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு ரெஜினாவும் தேய்த்தாள். அதன்பின் குண்டுமணி தேய்த்தது. அவள் எவ்வளவு சுளித்தாலும் அது கையை எடுக்கவில்லை. கப்பல் வருவதற்குள் ஈறு இளஞ்சிவப்பாகி இறுகிவிட்டது. எலும்பு வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது.

சில மாதம் கழித்துச் சோதனைக்குப் போனபோது, ஷகீலா மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார். வந்ததுதான் வந்தீர்கள், உட்காருங்கள் என்று அமல்தாஸையும் நாற்காலியில் ஏற்றினார். கருவி பட்டதும் அவருடைய ஈறெல்லாம் ரத்தம் துளிர்த்தது.

"ராத்திரி தேய்க்கறீங்களா சார்?"

"ஆமா டாக்டர். ரெண்டு வேளையும்."

ரெஜினா சுவரைப் பார்த்தாள். மருத்துவர் குண்டுமணி பக்கம் திரும்பினார். "தேய்க்கிறாரா?"

குண்டுமணி அமல்தாஸின் முகத்தைப் பார்த்தது. அது நன்றாகவே சுளிந்திருந்தது.

"வேலை முடிந்து ரொம்பக் களைத்து வருகிறார் டாக்டர். பாவம்" என்றது.

ஷகீலா அவரை நன்றாகவே திட்டினார். ராத்திரி தேய்க்காமல் படுத்தால் என்ன ஆகும், நாற்பது வயதுக்கு மேல் பல் எப்படி ஆடும் என்றெல்லாம் விளக்கினார். அமல்தாஸ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஜோவிட்டாவும் முழுக்கக் கேட்டாள். கடைசியில், "நீங்க தினமும் ராத்திரி தேய்ப்பீங்களா டாக்டர்?" என்றாள்.

மருத்துவர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். கையுறையைக் கழற்றினார்.

"அடுத்த பேஷன்ட் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்றார்.

குண்டுமணி போய்க் கதவைத் திறந்து பார்த்தது. வெளியே யாரும் இல்லை. அது திரும்பி மருத்துவரின் முகத்தைச் சற்று நேரம் கவனித்தது. பிறகு அந்தப் பதிலையும் கற்றுக்கொண்டது.