இரவல் நாடி

காலை ஒன்பதுக்குள் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் வாசல் நாடிப்பலகையில் பெயர் சொல்லி விரல் வைத்தாக வேண்டும். பலகை இதயத்தைப் படித்து, பெயருக்கு நேரே பச்சையோ சிவப்போ காட்டும். நான் எட்டரைக்கே போய் நின்றுவிடுவேன். யார் வீட்டில் என்ன நிறம் என்று தெரியாமல் எனக்குக் காப்பி இறங்காது.

மூன்றாம் மாடி கோகிலவாணிக்கு ஸ்க்ளீரோடெர்மா, தோல் இறுகும் நோய். லேசாகக் குளிர்ந்தாலே விரல்கள் வெளுத்து விறைத்துவிடும். பலகை அவற்றில் நாடியே இல்லை என்றது. நாடி இல்லையென்றால் மருத்துவ ஊர்தி வந்து அள்ளிக்கொண்டு போகும். மூன்று முறை போனாள். "வெரல்தான் சில்லிட்டிருக்காம், நெஞ்சு நல்லாருக்காம்" என்று மூன்று முறையும் திரும்பினாள். மூன்றாம் முறை வேலையும் போயிற்று.

"அம்மிணி, நீ பேரை மட்டும் சொல்லு. வெரல நான் வெக்கறேன்" என்றேன்.

"தப்புங்களே அக்கா?"

"பலகை என்ன, ரேகை பாத்து ஜோசியமா சொல்லுது?"

ஐந்து மாதமாகக் கோகிலவாணி தினமும் பச்சை.

நேற்று பலகையிலிருந்து திரும்பிப் படியேறியவள், சுருண்டு விழுந்தாள். உதடு நீலம். ஊர்தி வந்தது. பணியாளர் பலகையைப் பார்த்தார்.

"இப்பத்தான் பச்சை காட்டியிருக்குங்க. பச்சைக்கு வண்டி எடுக்க முடியாது. தண்ணி குடுங்க."

விரல் இரவல் கொடுத்தவர் பெயர் ஓராண்டு பலகையில் கறுப்பில் எரியும். ஊரே கூடி நின்றது. அவள் மூச்சு விட்டு விட்டு வந்தது.

"அது என்னோட நாடிங்க" என்றேன்.

இரண்டாம் மாடி ராஜாமணி வாயைப் பிளந்தாள். இவ்வளவு நல்ல சேதி அவளுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

மருத்துவமனையில் இதயப்படம் எடுத்தார்கள். தசைக்குள் தழும்புத் திட்டுகள்.

"வெளிய தெரியாம உள்ளயே வளர்ந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "எவ்வளவு வேகமா பரவுதுன்னு தெரிஞ்சாத்தான் மருந்தை முடிவு பண்ண முடியும். அஞ்சு மாசப் பதிவுல இருக்கறது உங்க இதயம். நான் என்ன பண்றது?"

"எழுதிக்குங்க" என்றேன். "தையில காய்ப்பையோட நிக்காம மூணு மாடி ஏறுவா. மாசியில ரெண்டாம் மாடியில கைப்பிடியப் புடிப்பா. பங்குனியில மொத மாடியிலயே. சித்திரையில செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி பாதிப் படியில குனிவா. அந்தச் செருப்புக்கு வாரே கெடையாது."

டாக்டரம்மா ஒன்றுவிடாமல் எழுதினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கோகிலவாணி மூக்குக்குழாயை விலக்கினாள்.

"இத்தனையும் பாத்தீங்களே அக்கா, ஒரு நாளாச்சும் ஏன் நிக்கறேன்னு கேட்டீங்களா?"

பலகையில் பச்சை என்று இருந்ததே, என்று சொல்ல வாயெடுத்தேன்.