காக்கியைக் கழற்றிய ஐவர்

"ஓடிப்போன ஆளைத் தேடிப் பாலைவனத்துக்குள் போகிறீர்களா, சிஸ்டர்? போய்விட்டுத்தான் வாருங்களேன்!"

ஹஸ்மா கோட்டையின் வெள்ளைக்கார மேஜர் இப்படிச் சொல்லிச் சிரித்ததும் பாக்கியமணிக்குச் சுருக்கென்றது. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் அவளுடைய தம்பி துரைசிங்கும் அவாத் என்ற அரபு இளைஞனும் இரண்டு ஒட்டகங்களோடு காத்திருந்தார்கள்.

"கிளம்புங்கள்!" என்றாள்.

ஹஸ்மா, அரேபியாவின் தென்கரையில் ஒரு குட்டி சுல்தானகம். ஆட்சி சுல்தானுக்கு, பாதுகாப்பு வெள்ளைக்காரருக்கு என்று ஒப்பந்தம். உலக யுத்தம் வந்தபோது அங்கே ஒரு சின்னப் படை திரட்டினார்கள். அதற்கு இரண்டு எஜமானர்கள் என்பது சீருடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காக்கிச் சட்டையின் பொத்தானில் லண்டன் ராஜாவின் கிரீடம். தலைத்துணியில் குத்திய வில்லையில் சுல்தானின் பேரீச்சை மரம். காலில் பூட்ஸுக்குப் பதில் தோல் செருப்பு. யாருக்கு சல்யூட் அடித்தாலும் இன்னொருவருக்கு மனக்குறை!

அந்தச் சீருடையைப் போட்ட ஒரே தமிழர், நாசரேத் ஊர்க்காரரான கம்பவுண்டர் ஞானாபரணம். பாக்கியமணியின் அப்பா. இந்திய ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து ஹஸ்மா படைக்கு இரவலாக அனுப்பப்பட்டவர். சிவப்புக் கட்டத் தலைத்துணியும் கறுப்புக் கயிறுமாக அவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, "கிறிஸ்மஸ் நாடகத்துல கொழந்த ஏசுவப் பாக்க வார சாஸ்திரி மாதிரில்லா இருக்காவ!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பிறகு அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

யுத்தத்தின் நடுவில் ஒருநாள் மருந்துப் பெட்டியோடும் நான்கு சிப்பாய்களோடும் ஞானாபரணம் உள்நாட்டுக்குப் போனார். ஐந்து பேரும் திரும்பவே இல்லை. சில மாதங்கள் கழித்து ஒரு பள்ளத்தாக்கின் வாயில் கிடந்ததாக ஆட்டிடையன் ஒருவன் ஒரு காக்கிச் சட்டையைக் கொண்டுவந்தான். அதில் ரத்தமும் இல்லை, கிழிசலும் இல்லை. பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காக அவிழ்க்கப்பட்டிருந்தன. சீருடையைத் தானாகக் கழற்றுகிறவன் ஓடிப்போகிறவன்தான் என்று அதிகாரிகள் முடிவுகட்டினார்கள். துப்பாக்கிகளை எதிரிகளிடம் விற்றுவிட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்றுமுதல் இருபது வருஷமாக, ஒவ்வொரு படை தினத்தன்றும் மைதானத்தில் அந்த ஐந்து பெயர்களையும் துரோகிகள் என்று உரக்க வாசித்தார்கள். நாசரேத்தில் அம்மாவோ, புருஷனை உயிரோடு இருப்பவராக நினைத்து ஜெபிப்பதா, இறந்தவராக நினைத்து அழுவதா என்று தெரியாமல் இருந்தாள். இதைத் தீர்க்கத்தான் பாக்கியமணி ஏடனில் நர்ஸ் வேலை தேடி வந்தாள், அரபியும் கற்றுக்கொண்டாள்.

அவாத், அப்பாவோடு போன நான்கு சிப்பாய்களில் ஒருவரான சல்மீனின் மகன். ஒவ்வொரு வருஷமும் படையில் சேரப் போவான். "ஓடிப்போனவன் மகனுக்குச் சட்டை கிடையாது" என்று விரட்டுவார்கள். அவன் கட்டியிருந்தது அவன் இனத்தாரின் நீலத் துணி. சாயம் ஒட்டி ஒட்டி அவன் தோளே நீலமாகியிருந்தது.

மூவரும் சட்டை கிடைத்த பள்ளத்தாக்குக்குள் நுழைந்தார்கள். இரு பக்கமும் செங்குத்தான பாறை. கால் வைத்த இடமெல்லாம் கொதித்தது.

"இங்கே தங்கக்கூடாது. தூரத்து மலையில் மழை பெய்தால் போதும், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அந்த வளைவுக்கு அப்பால் ஸுமைர் இனத்தாரின் நிலம். அவர்களுக்கும் சுல்தானுக்கும் தலைமுறைப் பகை" என்றான் அவாத்.

"வெள்ளமா? குடிக்கவே தண்ணியக் காணோம்!" என்று அலுத்துக்கொண்டான் துரைசிங். கப்பலில் என்ஜின் அறை வேலை அவனுக்கு. "யக்கா, அப்பா என்னத்துக்குதான் இந்தக் காட்டுக்குள்ள..."

டுமீல்!

அவன் காலடியில் பாறை சிதறியது. ஒட்டகங்கள் மிரண்டு திமிறின. மூவரும் ஒரு பாறை மறைவில் விழுந்தார்கள். அடுத்த குண்டு துரைசிங்கின் தலைக்கு மேல் பறந்தது.

"என்னயவே பாத்துல்லா சுடுதான்!" என்று அலறினான் அவன்.

அவாத் அப்போதுதான் அவனை நன்றாகப் பார்த்தான். கப்பலில் போடும் காக்கிச் சட்டை! அவாத் கத்த, அதைப் பாக்கியமணி தமிழில் கத்தினாள்.

"சட்டையைக் கழத்துலே! சீக்கிரம்! சிப்பாய்னு நெனைக்காங்க!"

துரைசிங் சட்டையைப் பிய்த்தெறிந்தான். அவாத் தன் மேல்துண்டை அவன் தோளில் போர்த்தினான். துப்பாக்கி ஓய்ந்தது.

"சட்டையைப் பையிலும் வைக்க வேண்டாம்" என்றான் அவாத். "பையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். இங்கேயே ஒளித்துவிட்டுப் போவோம். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். கீழே வேண்டாம், வெள்ளம் கொண்டுபோய்விடும். மேலே அந்தப் பொந்தில் வை."

துரைசிங் பாறையைப் பற்றிப் பற்றி ஏறிப் பொந்துக்குள் தலையை விட்டான். விட்டவன் அப்படியே நின்றான்.

"யக்கா! மேல வா! இங்க ஏற்கெனவே சட்ட இருக்கு!"

பாக்கியமணி எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே, தூசியின் கீழ், மடித்து அடுக்கிய நான்கு காக்கிச் சட்டைகள். பக்கத்தில் சுருட்டி வைத்த கட்டத் துணிகள். அவற்றின் பின்னால், எண்ணெய்த் துணியில் பொதிந்த துப்பாக்கிகள்! ஒவ்வொன்றிலும் சுல்தானின் பேரீச்சை மரம் பொறித்திருந்தது. ஒரு சட்டையின் கையில் சிவப்புச் சிலுவைப் பட்டை. அவள் அதை முகத்தோடு சேர்த்துக்கொண்டு அழுதாள்.

"விக்கலயே! ஒண்ணுகூட விக்கலயே! துணி மாத்திட்டுல்லா போயிருக்காவ!" என்றான் துரைசிங். ஐந்தாவது சட்டையை நரியோ காற்றோ கீழே இழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

அவாத் துப்பாக்கிகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். "எதிரி நிலத்தில் ஒருவரை அழைத்துப் போனால், 'இவர் என் முகத்தில் இருக்கிறார்' என்று சொல்வோம். அவரைத் தொடுவது என் முகத்தில் அறைவது மாதிரி. சம்பளச் சட்டை போட்டவனுக்குச் சொந்த முகம் கிடையாது. அது சுல்தானின் முகம். உங்கள் அப்பாவை அழைத்துப் போகத்தான் என் அப்பா இதைக் கழற்றியிருக்கிறார். துப்பாக்கியை விற்றார் என்று சொன்னார்கள். நானும் நம்பினேனே!"

"யார் முகத்தில் வந்திருக்கிறீர்கள்?"

கீழே ஒரு பெண் நின்றாள். முப்பதைத் தாண்டிய வயது இருக்கும். கையில் துப்பாக்கி. சுட்டது அவள்தான்.

அவாத் இறங்கிப்போய் அவள் எதிரே வெறுங்கையோடு நின்றான். "இவர்கள் என் முகத்தில் வந்தவர்கள். நான் சல்மீனின் மகன் அவாத்."

துப்பாக்கி தாழ்ந்தது. "எந்த சல்மீன்? அம்மை வந்த வருஷம் வைத்தியரைக் கூட்டிவந்த சல்மீனா?"

அவள் பெயர் ஸலாமா. அந்த வருஷம் அவள் சிறுமி. பஞ்சமும் பெரியம்மையும் சேர்ந்து வந்து, ஊரில் புதைக்க ஆளில்லாமல் போனதாம். அப்போது நீலத் துணியில் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவருக்கு அரபி சரியாக வராது. சைகையால்தான் பேசினார், சிரித்துக்கொண்டே கையைக் கீறினார்.

ஸலாமா சட்டைக் கையைச் சுருட்டினாள். மேல்கையில் அம்மை குத்திய நான்கு தழும்புகள். பாக்கியமணியும் தன் கையைக் காட்டினாள். அதே வரிசையில் அதே நான்கு தழும்புகள். அப்பா தன் கையால் குத்தியவை.

"எங்கள் ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது" என்றாள் ஸலாமா. "திரும்பும்போது இதே பள்ளத்தாக்கில் வெள்ளம் அவர்களைக் கொண்டுபோய்விட்டது. நாங்கள்தான் தேடி எடுத்து, எங்கள் ஆட்களோடு அடக்கம் செய்தோம்."

"எதிரிகளையா?" என்றான் அவாத்.

"விருந்தாளிகளை."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?" பாக்கியமணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"கேட்க வந்தவர்கள் எல்லாரும் காக்கியில் வந்தார்கள். சுட்டோம். துணி மாற்றிக்கொண்டு வந்து யாருமே கேட்கவில்லையே!"

ஸலாமா அவர்களைத் தன் ஊருக்கு அழைத்துப் போனாள். பாக்கியமணி அப்பாவின் கல்லறைத் தலைமாட்டில் உட்கார்ந்து, அம்மா சார்பில் ஜெபித்தாள். இத்தனை காலமும் அப்பா நல்ல சிப்பாய் என்று நிரூபிக்கத்தான் அவள் ஆசைப்பட்டாள். இங்கே அவர் சிப்பாய் என்றே யாருக்கும் தெரியாது. அதில் அவளுக்கு வருத்தம் வரவில்லை, பெருமையாகவே இருந்தது.

துப்பாக்கிகளோடு அவர்கள் கோட்டைக்குத் திரும்பியபோது ஸலாமாவும் சாட்சி சொல்லக் கூட வந்தாள். ஸுமைர் பெண்ணைக் கண்டதும் காவலர்கள் குறி பார்த்தார்கள்.

அவாத் அவளுக்கு முன்னால் பாய்ந்தான். "இவள் என் முகத்தில் இருக்கிறாள்!"

மேஜர் வாயைத் திறப்பதற்குள் காவலர்கள் அத்தனை பேரும் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார்கள். சட்டைக்குள் அவர்களும் அந்த மண்ணின் பிள்ளைகள்தானே!

மேஜர் துப்பாக்கிகளையும் சட்டைகளையும் பார்த்தார். ஸலாமா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, "தவறு எங்களுடையது" என்றார். அடுத்த வாரமே வந்த படை தினத்தில் ஐந்து பெயர்களும் படையின் வீரர்கள் என்று வாசிக்கப்பட்டன. மூவரும் ஸலாமாவோடு நிமிர்ந்து நின்று கேட்டார்கள். ஒரு மனிதரைப் பற்றிக் கேட்கப் போகும்போது நாம் என்ன உடுத்திக்கொண்டு போகிறோம் என்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பாக்கியமணிக்குத் தோன்றியது.

அணிவகுப்பு முடிந்ததும் மேஜர் ஒரு புதுச் சீருடையை அவாத்திடம் நீட்டினார். எத்தனை வருஷக் கனவு! அவாத் அதை வாங்கி, காலரை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான்.

"ஸலாமாவை ஊரில் கொண்டுபோய் விட வேண்டும், ஸாஹிப். இதைப் போட்டுக்கொண்டு போக முடியாது."

"சரி. அதற்குப் பிறகு?"

"வந்து போட்டுக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு தடவை யாருக்காவது இதைக் கழற்ற வேண்டி வந்தால் கழற்றுவேன். அப்போது என் பெயரைத் துரோகி என்று வாசிக்கக்கூடாது."

மேஜர் கையிலிருந்த சட்டையையும் எதிரே நின்ற இளைஞனையும் மாறி மாறிப் பார்த்தார். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"வாசிக்க மாட்டோம்."