துருக்கிக் கடிகாரத்தில் ஐந்து மணி

முதல் உலகப் போர்க் காலம். பாலஸ்தீனத்தில் எரிகோவுக்கு வெளியே, ஆஸ்திரேலியக் குதிரைப்படை முகாமில், கார்ப்பரல் டன்ஸ்டனின் கூடாரம் பழைய இரும்புக்கடை மாதிரி கிடக்கும். மெல்போர்ன் ஆவணக் காப்பகத்துக்குப் போர்ச் சின்னங்கள் சேர்ப்பது அவர் வேலை. கூடவே ஒரு புளுகைச் சேர்த்துக் கொண்டுவராத அதிகாரியை அவர் இன்னும் பார்க்கவில்லை.

அன்று காலை சிப்பாய் நோலன் முகம் செத்துப்போய் வந்தான்.

“நம்ம ஹோரஸை படையை விட்டு ஓடினவன்னு எழுதிட்டாங்க கார்ப்பரல். எதிரிகிட்ட சேரப் போனானாம், அவங்களே சுட்டுட்டாங்களாம். சாயங்காலத் தபால்ல அவன் அம்மாவுக்குக் கடிதம் போகுது. கேப்டன் வேய்ல்தான் சாட்சி.”

“அந்தப் பீத்தல் மகாராஜாவா?” டன்ஸ்டன் ஒரு பாக்கெட் கடிகாரத்தை எடுத்தார். நடுவில் குண்டு பாய்ந்து, ஐந்து மணியில் நின்றிருந்தது. கூடவே கேப்டன் எழுதிய அட்டை: ‘விடியற்காலை ஐந்துக்கு, குன்றின்மேல் துருக்கி அதிகாரியைத் தனியாளாகச் சுட்டேன். அவர் சட்டைப்பையில் இருந்தது.’

“அந்தத் துருக்கி அதிகாரி செத்த அன்னிக்கு ராத்திரி குன்றுக்கு நம்ம ஆளு யார் போனது?”

“ஹோரஸ் மட்டும்தான். அங்கதான செத்துக் கிடந்தான்.”

“கேப்டன்?”

“எருசலேம்ல ஜெனரலோட விருந்து. நடுராத்திரி வரைக்கும் வாத்துக்கறி தின்னேன்னு இன்னும் பீத்திக்கிட்டுத் திரியறாரே.”

நண்பகலில் சின்னங்களைப் பார்வையிடக் கர்னல் வந்தார். பின்னாலேயே வாலாட்டிக்கொண்டு கேப்டன். மூலையில் நோலனும், டன்ஸ்டன் வரவழைத்திருந்த துருக்கிக் கைதி நூரெட்டினும் நின்றிருந்தார்கள்.

“மணி என்ன சார்?” என்று டன்ஸ்டன் கேட்டார்.

“பன்னிரண்டு,” என்றார் கர்னல்.

டன்ஸ்டன் கைதியின் கடிகாரத்தை வாங்கிக் காட்டினார். ஆறு தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“உதவாக்கரைக் கடிகாரம்,” என்றார் கேப்டன்.

“நல்லாத்தான் ஓடுது சார். நம்ம ஆறு மணி வாக்குல சூரியன் மறையும்போது இவங்க பன்னிரண்டுன்னு வைப்பாங்க, அங்கிருந்து கணக்கு. செத்த அதிகாரிக்கு எடுபிடியா இருந்தவர் இவர். அவரோட கடிகாரத்தையும் தினம் இவர்தான் அப்படித் திருப்பி வைப்பாரு. அப்போ அஞ்சுன்னா நமக்கு ராத்திரி பதினொண்ணு. நீங்க வாத்துக்கறியில இருந்தீங்க. அந்த ராத்திரி குன்றுக்குப் போன நம்ம ஆளு ஹோரஸ் மட்டும்தான். சுட்டது அவன், சுட்டுட்டுத்தான் செத்தான். விடிஞ்சப்புறம் நீங்க போய்ப் பொணத்தோட பையைத் துழாவினீங்க.”

கேப்டனுக்கு வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை. அட்டையைப் பிடுங்கத்தான் கை நீண்டது. டன்ஸ்டன் முந்திக்கொண்டார்.

“அந்தக் கடிதத்தை நிறுத்து,” என்றார் கர்னல் நோலனிடம். “அவன் அம்மாவுக்கு நானே எழுதறேன். என்ன நடந்துச்சோ அதை எழுதறேன்.” நோலன் அங்கேயே அழுதுவிட்டான்.

டன்ஸ்டன் கடிகாரத்தில் ஹோரஸின் பெயர் எழுதிய சீட்டைக் கட்டினார்.

“என் அட்டையைக் குடு,” கேப்டன் பல்லைக் கடித்தார்.

“இதுவும் மெல்போர்னுக்குப் போகுது சார்.” டன்ஸ்டன் அதை உறையிலிட்டு மேலே எழுதினார்: ‘போர்ச் சின்னம். கேப்டன் வேய்லின் புளுகு, ஒன்று.’