ஒருமுறை மட்டும் மறுத்தவர்

காலை எட்டு மணிக்குப் பொங்கியண்ணனின் பனியன் கம்பெனியில் புது நிட்டிங் மெஷின் ஓடவில்லை. அதன் மூளையான கன்ட்ரோல் போர்டை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் மைதிலி வந்து இறங்கும்போதே திருடன் பெயர் தயாராக இருந்தது.

"எசேக்கியேலுங்க மேடம். கேன்டீனுக்குப் பால் ஊத்தற சீயோன்காட்டுத் தாடிக்காரன்," என்றார் மேனேஜர் பிரபாகர். முழங்கையில் சிராய்ப்பு. "விடியறதுக்கு முன்னாடி வந்தேன். போர்டோட ஓடுனான். சட்டையப் புடிச்சு இழுத்தேன், நெஞ்சுப் பட்டன் கையோட வந்துருச்சு."

உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பட்டன், அறுந்த நூலோடு.

சீயோன்காடு மூலனூருக்கு அந்தப் பக்கம். கரண்ட், போன், மோட்டார் எதுவும் வேண்டாமென்று வாழும் முப்பது கிறிஸ்தவக் குடும்பங்கள். கம்பெனிக்குப் பனியன் வாங்க வந்த அமெரிக்கர் ஒருவர், தங்கள் ஊர்ப்பக்கத்து ஆமிஷ் மக்களும் இப்படித்தான் என்று வியந்தாராம். ஜீப்பை ஊருக்குள் கொண்டுபோக மைதிலிக்கு மனம் வரவில்லை. பிரபாகரோடு நடந்தாள். முருங்கைத் தோட்டத்தில் ஒரு களை இல்லை. கொடியில் வெள்ளைச் சட்டைகள் நாடா ஆட உலர்ந்தன. ஊரே சேர்ந்து ஒரு விதவையின் வீட்டுக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தது.

கூரையிலிருந்து இறங்கிய எசேக்கியேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"போர்டை எடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"விடியக்காலம் எங்க இருந்தீங்க?"

"ஊட்லதானுங்க."

"சாட்சி?"

"சம்சாரமும் கர்த்தருமுங்க."

பிரபாகர் சிரித்தார். "ரெண்டாவது சாட்சிய ஸ்டேசனுக்குக் கூட்டியாரச் சொல்லுங்க மேடம்."

சத்தியம் செய்வதும் கோர்ட்டில் வாதாடுவதும் சீயோன்காட்டுக்காரர்களுக்கு ஆகாது. உண்மையை ஒருமுறை சொல்வார்கள், அதோடு சரி. ரிமாண்ட் செய்தால் எசேக்கியேல் வக்கீல்கூட வைக்காமல் ஜெயிலுக்குப் போய்விடுவார். வாசலில் நிறைமாத மனைவி நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

மைதிலி பட்டனை விரலில் உருட்டினாள்.

"பிரபாகர், இது இவர் சட்டைப் பட்டன்தானா?"

"தெனமும் பாக்கறேன் மேடம். எனக்குத் தெரியாதுங்களா?"

"அண்ணா, அந்தத் துண்டக் கொஞ்சம் எடுங்க."

துண்டு விலகியது. நெஞ்சில் வரிசையாக நாடா முடிச்சுகள். பட்டனும் இல்லை, பட்டன் ஓட்டையும் இல்லை.

"பட்டன் பகட்டுன்னு எங்க பெரியவங்க அப்பவே விட்டுட்டாங்க. இந்த ஊர்ல ஒரு சட்டைலயும் இருக்காதுங்க," என்றாள் மனைவி.

பிரபாகர் முகம் வெளுத்தது.

"கொடியிலயே பாத்தேன்," என்றாள் மைதிலி. "தெனமும் பால் வாங்கறீங்க, ஆனா ஒரு நாளும் இவரப் பாக்கல. தெனமும் டி-ஷர்ட்டுக்குப் பட்டன் வெக்கற எடத்துல இருக்கற உங்களுக்கு, அது இல்லாம சட்டை இருக்கும்னு தோணவே இல்ல. சிராய்ப்பும் நீங்களே தேச்சுக்கிட்டதுதான். போர்டு எங்க?"

கம்பெனியில் நின்ற பிரபாகரின் பைக் பெட்டியில் பழைய துணிக்கடியில் இருந்தது. திருப்பூரில் விற்க ஆள்கூடப் பேசி வைத்திருந்தார்.

சாயங்காலம் எசேக்கியேல் மாட்டுவண்டியில் ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் சோறு நிறைந்த தூக்குப்போசி.

"எனக்கெதுக்குங்கண்ணா இதெல்லாம்?" என்றாள் மைதிலி.

எசேக்கியேல் கூச்சத்தோடு நெளிந்தார். "உங்களுக்கில்லீங்க. மேனேஜர் தம்பிக்கு. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்காதுங்க."

"உங்கள உள்ள தள்ளப் பாத்த ஆளுக்கா?"

"பசிக்குமில்லீங்க."

லாக்கப்புக்குள் பிரபாகர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.