உலராத மலை

மேஜையைத் துடைக்கும் துணியால் மலைமேல் படிந்திருந்த தூசியைத் தட்டப் போனபோதுதான் நாகலக்ஷ்மி அதைக் கவனித்தாள். கட்டைவிரல் பட்ட இடம் உள்ளே அமுங்கியது. விரலை எடுத்ததும் அந்தக் குழி அவசரமே இல்லாமல் மெல்ல நிரம்பி மேலே வந்தது. நீர் கோத்துக்கொண்ட காலை அழுத்திப் பார்த்தால் வருமே, அது மாதிரி.

காகிதமும் மரத்தூளும் பசையும் சேர்த்துச் செய்த மலை. ஒரு முழ உயரம்கூட இல்லை. அவள் புருஷன் பஞ்சாபகேசன் அதை வைகாசியிலேயே முடித்துவிட்டான். ஆடி பிறந்த பிறகும் அது உலரவில்லை.

மழைக்காலத்தில் பம்பாயில் எதுதான் உலர்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கொடியில் போட்ட புடவைகள் உலரவில்லை, வடாம் நமுத்துப் போயிருந்தது, அலமாரியில் இருந்த செருப்பின் மேல்கூடப் பூஞ்சணம் பூத்திருந்தது. விரலைத் துணியில் துடைத்தாள். துடைத்த பிறகும் ஒரு வழவழப்பு மிச்சமிருந்தது. குழாயடியில் அரப்புத் தேய்த்துக் கழுவிய பிறகும் இருந்தது.

மாதுங்காவில் மூன்றாம் மாடியில் அவர்கள் குடியிருந்த வீட்டில் இருந்ததே இரண்டு அறை. அதில் பெரிய அறையின் பாதியை அந்த மேஜை பிடித்துக்கொண்டிருந்தது. பஞ்சாபகேசனுக்கு ரயில்வே ஆபீசில் வரைபடம் போடும் வேலை. பகலெல்லாம் காகிதத்தில் கோடாக இழுத்த தண்டவாளத்தைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நிஜமாக்கிப் பார்ப்பதில் அவனுக்கு ஓர் ஆனந்தம். பித்தளைக் கம்பியில் தண்டவாளம், தீக்குச்சியில் ஸ்லீப்பர் கட்டை, சல்லடையில் சலித்து எடுத்த ஜல்லி, கிருஷ்ணாயில் டின்னை வெட்டிச் செய்த கைகாட்டி. தானாவிலிருந்து கல்யாண் வரைக்கும் உள்ள பாதை அப்படியே மேஜைமேல் ஓடியது. நடுவில் பார்சிக் மலையும் அதைக் குடைந்து போகும் சுரங்கமும். சாவி கொடுத்தால் ஓடும் இன்ஜின் ஒன்றை யுத்தத்துக்கு முன்பே கோட்டைப் பக்கத்துக் கடையில் வாங்கி வைத்திருந்தான். சீமைச் சிவப்பில் பளபளத்த அதன்மேல் கறுப்பு அடித்து, விளக்குக் கரியையும் தேய்த்துவிட்டான்.

"நிஜ ரயில் இப்படிக் கல்யாணப் பொண்ணாட்டம் மினுக்குமோ, நாகு? அழுக்குதானாக்கும் அதுக்கு உயிர்" என்பான்.

கல்யாணமாகிப் புதிதாக வந்தபோது அவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தவித்தவள், அந்த மேஜையருகில்தான் அவனைத் தெரிந்துகொண்டாள். கைகாட்டியின் நூலை அவள் இழுக்க வேண்டும். அவள் இழுத்த பிறகுதான் வண்டி கிளம்பும். வேண்டுமென்றே தாமதிப்பாள். அவன் கார்டு மாதிரி வாயாலேயே விசில் ஊதிக் கெஞ்சுவான். இரண்டு பேரும் சிரித்து முடிப்பதற்குள் அடுப்பில் குழம்பு தீய்ந்துபோன நாட்கள் உண்டு.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் இரண்டு கர்ப்பம் கலைந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அவன் அவள் காலடியில் உட்கார்ந்து தீக்குச்சிகளை வெட்டிக்கொண்டே இருந்தான். இது மூன்றாவது. ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இந்தக் குழந்தை தங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை. வண்டி கடகடவென்று ஓடினால் உள்ளே உதைக்கும். அவன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான்.

மசக்கை மட்டும் அவளுக்கு இன்னும் விடவில்லை. பக்கத்து வீட்டு மராட்டிக்காரி சிந்துதாய் ஒரு பொட்டலம் டிங்க் கொடுத்திருந்தாள். கருவேல மரத்தில் வடியும் பிசின். பிள்ளை பெற்றவளுக்கு அதை நெய்யில் பொரித்து லட்டு பிடித்துக் கொடுத்தால் எலும்புக்கு உரம் என்று சொல்லியிருந்தாள். பிரசவம் வரைக்கும் பொறுக்க நாகலக்ஷ்மியால் முடியவில்லை. தேன் நிறத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி இருந்ததை ஒவ்வொன்றாக வாயில் போட்டு அடக்கிக்கொண்டே தீர்த்துவிட்டாள்.

தீர்ந்த மறுநாள், அதே தேன் நிறச் சில்லுகள் மேஜைக்குக் கீழே அவனுடைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் நிறைய இருப்பதைப் பார்த்தாள். காகிதம் ஒட்ட அவனும் பிசின்தான் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். வேறு மாதிரி நினைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. வெங்காயம்கூட வாசற்படி தாண்டாத வீடு. அதற்குள் வந்த பொருள் எதுவானாலும் சுத்தமாகத்தான் இருக்கும். அவன் ஆபீஸ் போன பிறகு, சமையல் முடித்து, ஒரு சில்லை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு பாயில் சாய்வாள். சிந்துதாய் கொடுத்ததைவிட இது ருசியாக இருந்தது. லேசான உப்பு. மெதுவாக இளகி, நாக்கின்மேல் ஒரு தோல் மாதிரி படர்ந்து, அப்புறம் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். திருட்டுத்தனமாகத் தின்பதில் ஒரு குஷி வேறு.

அமுங்கிய மலையைப் பார்த்த நாளுக்குப் பிறகு அவளால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மத்தியானத்தில் அதன்மேல் முத்து முத்தாக ஈரம் துளிர்த்தது, பொரியல் வதக்கும்போது தன் மேலுதட்டில் துளிர்ப்பதைப் போல. அடுத்த வாரம் மலையடிவாரத்தில் மெல்லிய வெள்ளை ரோமமாக ஏதோ படர்ந்தது. பூஞ்சணம்தான். ஆனால் செருப்பில் பூத்தது கொத்துக் கொத்தாக இருந்தது. இது ஒரே பக்கமாக, யாரோ நக்கிவிட்ட மாதிரி படிந்து கிடந்தது. வாடை முதலில் நனைந்த கோணியாக இருந்தது. பிறகு திரிந்த பால். பிறகு மேற்கே இருந்து காற்று அடிக்கும் நாட்களில் தாராவிப் பக்கத்திலிருந்து வருமே, அந்த வாடை. ஆனால் ஜன்னலை எல்லாம் அடைத்துத் துணி செருகிய பிறகும் அது அறைக்குள்ளேயே இருந்தது. தலையணையில் இருந்தது. அவள் தலைமுடியில் இருந்தது. சாதத்தைப் பிசையும்போது விரலிடுக்கிலிருந்து வந்தது.

சுரங்கத்துக்குள் போன வண்டி வெளியே வரும்போது சக்கரத்தில் கோழையாக ஓர் இழை நீண்டு வந்து அறுந்தது. பஞ்சாபகேசன் முகம் சுளிக்காமல் அதை வேட்டி நுனியால் துடைத்தான். ஈரக் காற்று என்றான். நிஜ பார்சிக் சுரங்கத்திலும் மழைக்காலத்தில் இப்படித்தான் ஒழுகும் என்று சந்தோஷப்பட்டான்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. வண்டி வெளியே ஓடும்போது உதைக்கும் குழந்தை, அது மலைக்குள் நுழைந்ததும் சட்டென்று அடங்கிவிடும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதைப் போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து அவன் மேஜைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினான். ஹார்லிக்ஸ் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பாதிக்கு மேல் காலி. எலி தின்கிறதோ என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த எலி நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"போனாப் போறது, எலிக்கும் நாக்கு இருக்கே" என்று அவனே சிரித்தான். "கடையில விக்கற பசை இல்லையாக்கும் இது. தாராவியில பூலோகம்னு ஒருத்தன், தோல் பட்டறையில இருக்கான். அவன் பிரியமாக் கொடுத்தது."

"தோலா?"

அடுக்களையில் யாரோ மடியாக இருப்பதைப் போல அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஊருக்கு எழுதிடாதே. தோலைக் காய்ச்சி எடுக்கற வஜ்ஜிரம். அதுலயும் இது உசத்தி. சினை மாட்டை அறுத்தா உள்ளே இருக்குமே, பொறக்காத கன்னுக்குட்டி, அதோட தோல். வெயில் காத்து ஒண்ணும் படாத தோல். அதான் பாரு, எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கு. மலை முழுக்க அதுதான்."

குளியலறைக்குப் போய்ச் சேருவதற்குள் அவளுக்கு வாய் நிறைந்துவிட்டது. சாதமும் ரசமும் வந்தன. பிறகு பித்தம். பிறகு ஒன்றுமே இல்லாமல் இழை இழையாக ஏதோ வந்தது, தொண்டையிலிருந்து தொங்கியது, விரலால் பிடித்து இழுத்தாள், நீண்டுகொண்டே வந்தது. உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். மஞ்சள் பொடியைத் தேய்த்தாள். சாம்பலால் நாக்கை வழித்தாள். நாக்குக்கு அடியில் அந்த வழவழப்பு போகவில்லை. அவள் தின்றது அவளுக்குள் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கக்கூடாது என்று நினைத்தாள், அதையேதான் யோசித்தாள். தாய் தின்பதைத்தானே குழந்தையும் தின்கிறது. சாஸ்திரிகளிடம் சொன்னால் பஞ்சகவ்யம் சாப்பிடச் சொல்வார். அதுவும் மாட்டிலிருந்து வருவதுதான். அந்த நினைப்பிலேயே மறுபடியும் குமட்டியது.

அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். தின்றதை அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவன் தன்னைப் பார்க்கும் பார்வை எப்போதும் கொஞ்சம் மாறியே இருக்கும் என்று பயந்தாள்.

"அந்த மலையைத் தூக்கி எறிஞ்சுடுங்கோ" என்றாள். "எனக்கு இந்தக் குழந்தை வேணும்னா."

மலைக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை. நாளைக் காலையில் பெருக்குகிறவன் வந்ததும் கொடுத்துவிடுகிறேன் என்றான். இன்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை கல்யாண் வண்டியை விட்டுவிடுகிறேன் என்று குழந்தை மாதிரி கேட்டான். அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வானம் மூடிக்கொண்டு கொட்டியது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து விளக்கைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் கட்டியிருந்ததால் வெளிச்சம் மேஜைமேல் மட்டும் வட்டமாக விழுந்தது. சுவர்களே இல்லாத மாதிரி இருந்தது. உள் அறையில் நாகலக்ஷ்மி இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். மத்தியானத்திலிருந்து குழந்தை அசையவில்லை. குளிர்ந்த ஜலம் குடித்துப் பார்த்தாள். வயிற்றை மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். பெயர் வைக்காத குழந்தையை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கண்ணே, கண்ணே என்றாள்.

டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொல்லலாம் என்று எழுந்து வந்தாள். அதற்குள் அவன் சாவி கொடுத்துவிட்டிருந்தான். வண்டி தானாவை விட்டுப் புறப்பட்டு, வளைவில் திரும்பி, கடகடவென்று சுரங்கத்துக்குள் நுழைந்தது.

வெளியே வரவில்லை.

உள்ளே ஸ்பிரிங் சுற்றும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. துணியில் சுற்றி அமுக்கின மாதிரி. பிறகு அதுவும் நின்றது. மழைச் சத்தம் மட்டும். அதற்கு அடியில் இன்னொரு சத்தம். ஈரமான சத்தம். சப்பென்று. நின்று. மறுபடியும் சப்பென்று.

"தடம் புரண்டுடுத்து போல" என்று பஞ்சாபகேசன் குனிந்து சுரங்கத்துக்குள் கையை விட்டான். மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று. மலை அவ்வளவு நீளமில்லை. மறுபக்க வாயில் அவன் விரல் தெரிய வேண்டும்.

தெரியவில்லை.

"கையை எடுங்கோ" என்றாள்.

அவன் எடுக்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கவனித்துக்கொண்டிருந்தான். மலை உப்பியது. தாழ்ந்தது. உப்பியது. வெள்ளை ரோமம் வெளிச்சத்தில் மினுங்கியது. அதற்கு அடியில் நீலமாக ஒரு நரம்பு.

"நாகு" என்றான், தொட்டிலுக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில். "விரலைச் சப்பறது."

அவள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கல் மாதிரி இருந்தது. ஜில்லென்று. அசைவில்லை.

"பல்லே இல்லை, நாகு. வெறும் ஈறு. பசி போலிருக்கு."

அவன் முகத்தைப் பார்த்தாள். முன்பு இரண்டு முறையும் தான் உண்டாகியிருப்பதைச் சொன்னபோது அவன் முகத்தில் வந்து, வந்த வேகத்தில் போய்விட்ட ஒன்று இப்போது அங்கே இருந்தது. பூரிப்பு. கண்ணெல்லாம் ஜலம்.

ஓட வேண்டும். கதவு பின்னால்தான் இருந்தது. சிந்துதாயைக் கூப்பிட்டால் கேட்கும். அவள் அங்கேயே நின்றாள்.

சப்பும் சத்தம் நின்றது. மலை அவன் கையை விட்டுவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, சுரங்க வாயை அவள் பக்கமாகத் திருப்பியது. உள்ளேயிருந்து, கம்மலாக, ஒரே ஒரு தடவை, கத்தியது.

அவள் மார்பு இரண்டும் சுருக்கென்று வலித்தன. ரவிக்கையின் முன்பக்கம் வெதுவெதுப்பாக நனைந்து, மெல்ல மெல்லப் பரவியது.