காலர் திருப்பிய சட்டைகள்

தங்கமணியின் அப்பா வீரையன் மறுநாள் மதியம் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார். அங்கே கட்டட வேலை கிடைத்திருக்கிறது.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊரில் அவருக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. கூலியைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லி வயலில் கொடி நட்டவர்களில் அவரும் ஒருவர். அதனால் இந்த அறுவடைக்குப் பண்ணை வீட்டார் அவரைக் கூப்பிடவே இல்லை. கேட்கப் போனபோது வாசலில் நிற்கவைத்துச் சிரித்தார்கள்.

தகரப் பெட்டியில் அப்பா இரண்டு டெர்லின் சட்டைகளை மடித்து வைத்தார். துரைராசு மாமாவிடம் இரவல் வாங்கியவை. செயற்கை நூல் துணி; கசங்காது, பளபளவென்று மின்னும்.

கொடியில் மூன்று பழைய பருத்திச் சட்டைகள் தொங்கின.

“இதெல்லாம் வேண்டாமாப்பா?” என்றாள் தங்கமணி.

“காலரைப் பாத்தியா, எப்படி நைஞ்சு கெடக்குன்னு. இதப் போட்டுக்கிட்டு பஸ் ஏறுனா நாலு பேர் சிரிப்பாங்க” என்றார் அப்பா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தங்கமணி, தன்னோடு ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஆயிஷாவின் வீட்டுக்கு ஓடினாள். ஆயிஷா ‘அத்தா’ என்று கூப்பிடும் அவள் அப்பா மஸ்கட்டில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார்.

“உங்க அத்தா அங்க என்ன சட்டை போடுறாங்க?”

ஆயிஷா ஒரு கடிதத்தை எடுத்து வந்து படித்தாள். “இங்கே வெயிலோடு கடல் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. வேர்வை காய்வதே இல்லை. டெர்லின் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. முதுகெல்லாம் வேர்க்குரு. யாராவது வந்தால் என் பழைய பருத்திச் சட்டைகளைக் கொடுத்தனுப்பவும்.”

“அனுப்பிட்டீங்களா?”

“அம்மா அதையெல்லாம் கிழிச்சு, சட்டி இறக்குற துணியாக்கிட்டாங்க. அத்தாகிட்ட இன்னும் சொல்லல.”

இருவரும் சிரித்தார்கள். தங்கமணி மட்டும் சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

திரும்பி வந்து சட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். துணி மெல்லியதாக, மெத்தென்று இருந்தது. காலரின் மேல்பக்கம்தான் நைந்திருந்தது. அடிப்பக்கம் புதிதுபோலவே இருந்தது. அப்படியானால் திருப்பிப் போட்டால் என்ன?

பிளேடால் மெதுவாகத் தையலைப் பிரித்தாள். பள்ளித் தையல் வகுப்பில் படித்தது கைகொடுத்தது. முதல் காலரைத் திருப்பாமலே மறுபடி தைத்துவிட்டாள். “அட கழுதை” என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி பிரித்தாள். விரலில் இரண்டு முறை ஊசி குத்தியது. வெளிச்சம் போவதற்குள் இரண்டு சட்டைகள் முடிந்தன. மூன்றாவதைக் காலையில் முடித்தாள்.

அம்மா மூன்றையும் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். சற்று நேரத்தில் காய்ந்துவிட்டன. செம்பில் தணல் போட்டுத் தேய்த்ததும் காலர்கள் விறைப்பாக நின்றன.

“யாரு சட்டை இது?” என்றார் அப்பா.

“உங்களுதுதாம்பா. அங்க வேர்வைக்கு இதுதான் நல்லதாம். ஆயிஷாவோட அத்தா கடுதாசி போட்டிருக்காங்க.”

அப்பா காலரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார்.

“பெட்டியில வை. பஸ்ஸுக்கு மட்டும் மாமா சட்டை” என்றார். இன்னொரு டெர்லின் சட்டையை வெளியே எடுத்து வைத்தார். அந்த இடத்தில் அம்மா எலுமிச்சை ஊறுகாயை வைத்தாள்.

மதியம் தங்கமணியும் அம்மாவும் வழியனுப்ப வந்தார்கள். கும்பகோணம் பஸ் வந்து நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். உள்ளே மூச்சுவிட இடமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பாவின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு கையால் அதைப் பிய்த்துப் பிய்த்து விட்டார்.

திடீரென்று எழுந்தார். பெட்டியோடு கீழே இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

“என்னய்யா, இங்கயே மஸ்கட் வந்துருச்சா?” என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

ஈரமான டெர்லின் சட்டையைத் தங்கமணியிடம் கொடுத்தார். “மாமாகிட்ட குடுத்துடும்மா. அங்க யாராவது, எந்த டெய்லர் தச்சதுன்னு கேட்டா, என் பொண்ணுன்னு சொல்லுவேன்.”

பஸ் நகர்ந்தது. காற்றில் காலரின் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பா ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டிக்கொண்டே போனார்.