சால்வு மாமாவின் பாதிச் சண்டை

"மெல்பர்ன் ரொம்ப தூரம்னு இப்படியா கத்துவாங்க!" என்று இலேனியா காதைப் பொத்திக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் ஓர் அம்மா அலறிக்கொண்டிருந்தார். "கேட்குதா? நாங்க மால்ட்டாவுல நல்லா இருக்கோம்! இங்கே ஒரு முயல் வாங்கிக் குழம்பு வைச்சோம்! கேட்குதா?"

கூடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மால்ட்டாவிலிருந்து கடலைத் தாண்டி ஆஸ்திரேலியா வந்த புதிதில் டெலிபோன் பேசக் காசு ஏது? இங்கிருந்தும் அங்கிருந்தும் கேசட்டில் பேசித் தபாலில் அனுப்புவார்கள். ஊர் எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தம் வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

மெல்பர்னில் உள்ள மால்ட்டாக்காரர்களின் மன்றத்தில் அன்று கேசட் திருவிழா. வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டுகளைக் கொண்டுவந்தால், ரீத்தா அக்கா அவற்றைக் கணினியில் ஏற்றிப் பத்திரப்படுத்துவாள். இலேனியாவுக்குப் பத்து வயது. கேசட்டில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவள் வேலை. நடுநடுவே பாலாடைக்கட்டி அடைத்த பாஸ்டிட்ஸிப் பலகாரம் தின்பது அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை.

அந்த மொறுமொறு பாஸ்டிட்ஸியைச் சுடுகிற சால்வு மாமாவும் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கடை அவருடையதுதான். அவருக்குப் பேச்சு வராது. இலேனியாவின் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோதே தொண்டையில் ஏதோ நோய் வந்து, டாக்டர்கள் அறுத்து எடுத்ததில் குரலும் கூடவே போய்விட்டது. கையை ஆட்டிப் பாதி சொல்வார். மீதியைக் கடையின் விலைப்பலகையில் சாக்பீஸால் எழுதுவார்.

அன்றும் கையோடு கொண்டுவந்த அந்தப் பலகையில் எழுதிக் காட்டினார். 'இதில் என் குரல் இருக்கிறதா, பார்.'

"நீங்க பாடுவீங்களாமே மாமா? அம்மா சொன்னாங்க" என்றாள் இலேனியா.

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். பாட்டுச் சண்டையில் அவரை மிஞ்ச ஆளில்லையாம். ஒருவர் நாலு வரியில் கேலி பாடுவார். மற்றவர் அதே மெட்டில் பதில் பாடுவார். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் தோற்றதாக அர்த்தம்.

ரீத்தா அக்கா முதல் கேசட்டைப் போட்டாள். கிட்டார் ஒலித்தது. ஒரு குரல் எழுந்தது.

*கல்லுப் போலப் பண்டம் ஒண்ணு கப்பலிலே வந்தது,*
*பல்லு ரெண்டு உடைஞ்சு போயிப் பாதி மிச்சம் நின்னது,*
*மெல்ல ஒண்ணும் முடியலேன்னு மேற்குச் சுவரில் வைச்சிட்டேன்,*
*நல்ல அண்ணா, இன்னும் அனுப்பு, நாலு சுவரும் பாக்கியே!*

கூடமே கைதட்டியது. "சால்வு, உன் பாஸ்டிட்ஸியைப் பத்தித்தான்!" என்று யாரோ கூவினார்கள்.

மாமாவும் சிரித்தார். ஆனால் அது அவர் குரல் அல்ல. மால்ட்டாவில் இருக்கும் தம்பி இந்த்ரியின் குரல். அடுத்த கேசட்டிலும் இந்த்ரி. அதற்கடுத்ததிலும் இந்த்ரி.

"மாமா, டப்பா முழுக்க உங்க தம்பிதான். அவரு சொன்ன பதில் மட்டும் இருக்கு. நீங்க பாடினது ஒண்ணுமே இல்லை" என்றாள் ரீத்தா அக்கா.

மாமா மூடியை மெல்ல மூடினார். 'பரவாயில்லை' என்று எழுதினார். எழுத்து மட்டும் ரொம்பச் சின்னதாக விழுந்தது.

இலேனியா கடித்த பாஸ்டிட்ஸியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பாதிச் சண்டை இங்கே இருக்கிறது. மீதிப் பாதி எங்கே போயிருக்கும்?

அவள் மேசை இழுப்பறையிலும் ஒரு டப்பா உண்டு. ஊர் மாறிப்போன தோழி போட்ட பிறந்தநாள் வாழ்த்துகள் அதில் இருக்கும். இவள் எழுதியது ஒன்றுகூட இருக்காது. எப்படி இருக்கும்? அதெல்லாம் தோழி வீட்டில் அல்லவா...

"மாமா!" என்று துள்ளினாள். "நம்ம வீட்டுல நமக்கு வந்ததுதான் இருக்கும். நாம அனுப்பினது அவங்க வீட்டுல இருக்கும்! உங்க குரல் மால்ட்டாவுல இருக்கு!"

மாமா தலையை ஆட்டினார். 'எப்பவோ தூக்கிப் போட்டிருப்பான்.'

"கேட்டீங்களா?"

மாமா சாக்பீஸை விரலில் உருட்டினார்.

"ஒருவாட்டிகூடக் கேட்கலையா?"

பலகையில் மெதுவாக எழுத்து ஊர்ந்தது. 'அவன் இப்போது கேலியே பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஃபோன் செய்து ரொம்ப மரியாதையாகப் பேசுகிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை.'

அன்று மாலை, மால்ட்டாவில் பொழுது விடிந்திருக்கும் நேரம் பார்த்து, மாமாவின் கடையிலிருந்தே இலேனியா ஃபோன் போட்டாள்.

"அண்ணன் சௌக்கியமா இருக்காருங்களா?" என்று இந்த்ரி பயந்த குரலில் கேட்டார். இலேனியா விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் கீச்கீச்சென்று பறவைச் சத்தம் கேட்டது.

"தூக்கிப் போடறதா? ஒண்ணு விடாம வைச்சிருக்கேன்மா. என் கேனரிக் குருவிங்க அதைக் கேட்டுத்தான் பாடக் கத்துக்குதுங்க."

கூடவே காதை வைத்துக் கேட்ட சால்வு மாமா அடுப்பை அணைக்கவே மறந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மாலை மன்றத்தில் உட்கார இடமில்லை. மால்ட்டாவிலிருந்து கணினி வழியே வந்த பாட்டுகளையும் டப்பாவில் இருந்தவற்றையும் ரீத்தா அக்கா மாற்றி மாற்றிக் கோத்து வைத்திருந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

*தம்பி மூக்கு தண்ணி மேலே தனித்தீவாத் தெரியுது,*
*நம்பி வந்த கப்பலெல்லாம் நங்கூரத்தைப் போடுது!*

கணீரென்ற குரல். இளமையான, குறும்பான குரல். சால்வு மாமா கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடுகள் ஒரு சொல் பிசகாமல் கூடவே அசைந்தன. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. வாய் காதுவரை சிரித்தது.

அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று. கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியாகத் தம்பியின் பாட்டு வந்தது.

*பாட்டு வத்திப் போச்சுதாண்ணா? பதிலைக் காணோம் ஏனண்ணா?*
*பூட்டு ஒண்ணு வாயில் போட்டுப் பொண்டாட்டி சாவி வைச்சாளோ?*

அதற்குப் பின் கேசட் சுழலும் ஓசை மட்டும் கேட்டது. அண்ணனுக்குக் குரல் போனது தெரியாமல் இந்த்ரி அனுப்பிய பாட்டு அது. பாடி அனுப்பிய பிறகுதான் அவருக்குச் செய்தி போயிருக்கிறது. அவர் ஏன் அப்புறம் கேலியே பேசவில்லை என்பது இலேனியாவுக்கு இப்போது புரிந்தது.

"மாமா, சண்டை இன்னும் முடியலையே! இப்போ உங்க முறைதானே?" என்றாள்.

மாமா கண்ணைத் திறந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"குரல் நான் தரேன். கேலி நீங்க தாங்க!"

மாமா பலகையை வெடுக்கென்று இழுத்தார். சாக்பீஸ் பறந்தது. ஓர் இளைஞர் கிட்டாரை எடுத்தார். பாட்டைப் பதிவுசெய்ய ரீத்தா அக்கா ஃபோனை நீட்டினாள். இலேனியா, சுருதி கொஞ்சம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனாலும், முழுமூச்சாகப் பாடினாள்.

*பூட்டு விழுந்தது மெய்தாண்டா, பொண்டாட்டி மேலே பழியில்லே,*
*பாட்டுப் பாட ஆளு வைச்சேன், பத்து வயசுக் குயிலடா,*
*கேட்டுப் பாரு, கேனரிக்கும் கிளம்பி வருது காய்ச்சலு,*
*நீட்டி வைச்ச மூக்கைத் தூக்கி நீயும் பதில் பாடுடா!*

பாட்டு மால்ட்டாவுக்குப் போயிற்று. எல்லோரும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் பாஸ்டிட்ஸி ஆறியது. யாரும் தொடவில்லை.

ஃபோன் சிணுங்கியது.

முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பெரிய மூக்கல்லவா, பெரிய சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நடுங்கிய குரலில் ஆரம்பித்து, போகப் போக ஓங்கி ஒலித்தது:

*குயிலு என்று சொன்ன குரலு கோழி போலக் கொக்கரிக்க,*
*வெயிலு காயும் கேனரியெல்லாம் வீட்டை விட்டு ஓடுதே!*
*அடுப்புப் பக்கம் நின்னு நின்னு அண்ணன் மூளை கருகிச்சோ?*
*கொடுத்து வைச்சேன், திட்டு அண்ணா, கோடி வருஷம் திட்டு நீ!*

சால்வு மாமா சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேசையைக் கையால் அறைந்தார். தட்டு துள்ளியது.

"கோழியா? என்னைக் கோழின்னா சொன்னாரு?" என்று இலேனியா இடுப்பில் கைவைத்தாள். "மாமா, விடக் கூடாது! எழுதுங்க!"

மாமா ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தார்.

அன்று இரவுவரை இருவரும் பலகையை விட்டு எழவில்லை. பக்கத்துக் கடையில் ஓர் அடுப்பு பாஸ்டிட்ஸி கரிக்கட்டையாகிப் போனது. அதை மட்டும் இந்த்ரியிடம் சொல்லக் கூடாது என்று மன்றத்தில் எல்லோரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.